பங்காளிக்கு ஜுரம்

பதினோரு நாளாகப் பங்காளி சாப்பிடவில்லை.
முதலில் கீரையை விட்டான்.
பிறகு பூசணித் துருவலை.
நேற்று ஒரு கரப்பான்
அவன் முதுகில் ஏறி, இறங்கி, தன் வழியில் போனது.
ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன்
செல்போனைப் பார்ப்பது போல.

தை பிறந்தும் ஓசூருக்குக் குளிர் விடவில்லை.
சிப்காட் பக்கம் மூன்றாவது மாடி, ஒற்றை அறை.
எனக்கு ஒரு கம்பளி.
அவனுக்கு நூறு வாட்ஸ் பல்பு.
சனிக்கிழமை பராமரிப்பு என்று
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டை நிறுத்தினார்கள்.
அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.
தாடி முள் நெஞ்சில் குத்தியது.
குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.
குத்துகிற வரைக்கும் இருக்கிறான்.

ஒரு மாசம் பாத்துக்கோடா என்று
கண்ணாடித் தொட்டியோடு விட்டுப் போனவன் பிரஜ்வல்.
புனேவுக்கு மாற்றல். அது போன ஆடியில்.
கூட யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டபோது
பங்காளி ஒருத்தன் என்றேன்.
பெயர் ஒட்டிக்கொண்டது.

தோல்தான் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.
தலையில் உரிந்துவிட்டது. முதுகில் பாதி,
மழைக்கு உப்பிய சுண்ணாம்புச் சுவர் மாதிரி.
வலது பின்காலின் நடுவிரலில் மட்டும்
மோதிரம் போல ஒரு வளையம்.
அது இறுகினால் விரலே கருகி விழுமாம்.
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும்
வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் பிரஷ்,
அந்த ஒரு விரல்.
பிடுங்கக் கூடாது.
பிடுங்காமல் இருப்பதுதான் வேலை.

மளிகைக்கடைத் தராசில் நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நாலு நாள் கழித்து முந்நூற்றுத் தொண்ணூற்று ஏழு.
தக்காளி வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.
கால்நடை டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார்,
வயிற்றை அழுத்திப் பார்த்தார்,
"மாடா இருந்தா இந்நேரம் சொல்லிருப்பேன்" என்றார்.
பொய் சொல்லாததற்காக அவரைப் பிடித்துப்போனது.

நாகவேணி எங்கள் லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவள்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு, வீட்டில் பட்டுப்புழு.
"புழுவும் அப்படித்தான்.
தோலு மாத்தறதுக்கு முன்ன எலையத் தொடாது.
தலைய மட்டும் தூக்கிட்டு கம்முனு கிடக்கும்.
நாங்க ஜுரம்னு சொல்லுவோம்."
எழுந்திருக்காமல் போவதும் உண்டா என்றேன்.
உண்டு என்றாள்.
சைரன் அடித்தது, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் டிபன் பாக்ஸில் பன்னிரண்டு புழுக்கள்,
மேலே மல்பெரி இலை.
காசு வேண்டாம், டப்பாவை மட்டும்
கழுவிக் கொடு என்றாள்.
இரண்டை அவன் மூக்குக்கு நேரே விட்டேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
மற்றவை விடிய விடிய இலை தின்றன.
இந்த அறையில் யாரோ சாப்பிடும் சத்தம் கேட்டு
எத்தனை நாளாயிற்று.

மூன்றாம் நாள் அவையும் நிறுத்திவிட்டன.
அதற்கு மட்டும் எனக்குப் பயமே வரவில்லை.
உடம்பு மஞ்சளாய்த் தெளிந்து
தொட்டிக்குள் கிடந்த காய்ந்த கொய்யாக் கிளையில்,
பல்பு மூடியின் இடுக்கில்,
என் சாக்ஸில் கூட ஒன்று,
கூடு கட்டத் தொடங்கின.
இரையாக வந்தவை வீடு கட்டிக் குடியேறியதை
நாகவேணியிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை எண்ணிப் பார்த்தேன்.
கூடு ஒன்பது.
கதவிடுக்கில் காய்ந்து கிடந்தது ஒன்று.
இரண்டைக் காணோம்.
தலையணையை உதறினேன், ஷூவைக் கவிழ்த்தேன்,
தொட்டி மணலைச் சல்லடை போட்டேன்.
பங்காளி பல்புக்கு அடியில் வாயைப் பாதி திறந்தபடி.
விரலில் வளையம் அப்படியே.
தாடி முள் ஒன்றில்
ஒரு முழ நூல் மினுங்குகிறது.

தின்றானா, கூட்டின் மேல் உரசிக்கொண்டு நடந்தானா?
கடை திறக்க ஒன்பதாகும்.
தராசுக்காரர் திட்டுவார்.